அடுத்து எதை நகர்த்துவது?

சதுரங்கம் ஆடத் தெரியுமா என்று கேட்டால், "ஏதோ காய் நகர்த்தத் தெரியும்" என்று சொல்பவர்களே நம்மில் மிகுதி. அடக்கத்தால் சொல்லும் சொல்லாக இது தோன்றினும், உண்மையில் மிகச் சரியான விடை இதுவேயாகும். குதிரை எவ்வாறு தாவும், யானை எவ்வாறு செல்லும், ராஜாவைக் கோட்டைக்குள் வைப்பது எங்ஙனம் என்பவற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் கற்றுவிடலாம். நகர்த்தும் முறை தெரிந்தபின், எதை நகர்த்துவது, எதற்காக நகர்த்துவது என்னும் வினா எழுகிறது. அந்த வினாவுக்கு விடை காணாமலே பெரும்பாலோர் ஆட்டத்தைக் கைவிட்டு விடுகின்றனர். அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் சதுரங்க நிபுணன் அல்லன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன். நாற்பத்து மூன்றாம் வயதில் இந்த ஆட்டத்தை மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்கும்படி நேர்ந்தது. அதற்குக் காரணம் என் மகள்.

அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் சதுரங்கம் கற்றுக்கொண்டு, சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் கலந்துகொண்டாள். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வீடு திரும்பினாள். அழவில்லை. பலகையை மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டு, இனி இதை எடுக்கப் போவதில்லை என்றாள். தோல்வி எல்லோருக்கும் வருவதுதானே என்று வழக்கமான ஆறுதலைச் சொன்னேன். அவள் சொன்ன மறுமொழி என்னை வாயடைக்கச் செய்துவிட்டது. "வெட்ட வழியிருந்தால் வெட்டத் தெரியும், அப்பா. செக் வைக்க வழியிருந்தால் வைக்கத் தெரியும். இரண்டும் இல்லாத சமயத்தில் எதை நகர்த்துவது? எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாமாவிடம் ஆடிப் பழகியபோதும் நான் வெட்டுவதையும் செக் வைப்பதையும் தவிர வேறொன்றும் அறிந்தவன் அல்லன். வேறொன்று உண்டு என்பதே அன்றுதான் மனத்தில் பட்டது.

அந்த வேறொன்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடினேன். தொழிற்பழக்கம்! எங்கள் அலுவலகச் சொற்பட்டியல்களில் இரண்டு வெவ்வேறு ஆங்கிலச் சொற்களுக்கு 'உத்தி' என்னும் ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றி விடுவோம். ஒன்று, கண்முன் உள்ள வாய்ப்பைப் பற்றிக்கொள்ளும் தந்திரம். மற்றொன்று, வாய்ப்பு ஒன்றும் கண்முன் இல்லாதபோதும் அது பிற்பாடு தோன்றும்படி ஏற்பாடு செய்து வைக்கும் நெடுநோக்கு. இலங்கைத் தமிழர் இவ்விரண்டையும் தந்திரோபாயம், மூலோபாயம் என்று தெளிவாகப் பிரித்து வழங்குகின்றனர். நாமும் அவ்வாறே செய்யலாம். என் மகளுக்குத் தந்திரோபாயம் ஓரளவு தெரியும். மூலோபாயம் தெரியாது. எனக்கு இரண்டுமே அரைகுறை.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் ஒரு வங்காளப் பெரியவர் இருக்கிறார். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைத் தாதா என்று அழைப்போம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வராந்தாவில் தனியே பலகையை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். ஒரு ஞாயிறு அவரிடம் சென்று என் மகளின் வினாவைக் கேட்டேன். முதலில் ஓர் ஆட்டம் ஆடலாம், உட்காருங்கள் என்றார்.

அந்த முதல் ஆட்டம் பெருங்குழப்பத்தில் முடிந்தது. ஆட்டத்தின் நடுவே அவர் என்மேல் இரக்கம் கொண்டு, "மந்திரியைக் காப்பாற்றுங்கள்" என்றார். நான் மந்திரியைக் காப்பாற்றினேன், ராணி போய்விட்டது. எங்கள் வீட்டில் ராணியின் பக்கத்திலும் ராஜாவின் பக்கத்திலும் நின்று மூலைவாட்டாகச் செல்லும் காய்தான் மந்திரி. வங்காளத்திலோ ராணிக்கே மந்திரி என்று பெயர். நாம் மந்திரி என்பதை அவர்கள் கஜம் என்கிறார்கள். நாம் யானை என்பதை அவர்கள் நௌகா, அதாவது படகு என்கிறார்கள். தில்லிக்காரரைக் கேட்டால் மூலைவாட்டில் செல்வது ஒட்டகம் என்பார்; நேரே செல்வதை நம்மைப் போலவே யானை என்பார். மலையாளியை அழைத்தால் நேரே செல்வது தேர், மூலைவாட்டில் செல்வது ஆனை என்று சாதிப்பார். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வனுபவம் புதிதாக இராது. கறிகாய்க் கடையிலும் இதே கதைதானே! பெயர் எதுவாயினும் காயின் நடை ஒன்றே. இந்தப் பேச்சில் நான் நம் வீட்டு வழக்கப்படி யானை, குதிரை, மந்திரி, ராணி, ராஜா, சிப்பாய் என்றே சொல்கிறேன். யானையைக் கோட்டை என்று வழங்குவோர் பொறுத்தருள வேண்டும்.

தாதா சொன்ன விடைக்கு வருகிறேன். "நீங்களும் நானும் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்கள். உங்கள் பலகையில் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். வெட்டவும் செக் வைக்கவும் வழியில்லாத சமயத்தில் செய்ய வேண்டியது அவ்வளவுதான்" என்றார். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தது. ஆயினும் தொடக்க நிலையில் உள்ளவர் பிடித்துக்கொள்ளத் தக்க மூலோபாயம் இதைவிட எளிதாக வேறொன்றும் இல்லை என்பதே இன்று வரை என் முடிவு.

அன்றிரவு பரணிலிருந்து பலகையை இறக்கினேன். போட்டி ஆட்டங்களில் நகர்த்தல்களை எழுதி வைப்பது விதியாதலால், மகளின் மூன்று தோல்விகளும் தாளில் இருந்தன. அவளையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்த்தோம். பதினான்காவது நகர்த்தலில் நிறுத்தி, சும்மா இருப்பவர் யார் என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தாள். ராணிப்பக்கத்து யானை, குதிரை, மந்திரி மூன்றும் பிறந்த வீட்டை விட்டு அசையவில்லை. அதே சமயம், செய்வதற்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்த வேளைகளில் எல்லாம் ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளியிருக்கிறாள். வேலையில்லாத மூவர் உள்ளே இருக்க, வாயிற்காவலர்களை வெளியூருக்கு அனுப்பியது போலாயிற்று. எதிரி உள்ளே வந்ததில் வியப்பில்லை. அதைக் கண்டதும் அவள் முகம் சற்றே தெளிந்தது. தான் மூடத்தனமாக ஆடவில்லை, ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டோம் என்பது தெரிந்ததால் வந்த தெளிவு என்று எண்ணுகிறேன்.

ஒரு காய் சும்மா இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? அது செல்லக்கூடிய கட்டங்களை எண்ணினால் போதும். வெறும் பலகையின் மூலையில் குதிரையை வைத்தால் அதனால் 2 கட்டங்களுக்குத்தான் தாவ முடியும். நடுவில் வைத்தால் 8 கட்டங்கள். காய் ஒன்றே, இடம் மாறியதும் வலிமை நான்கு மடங்காகி விடுகிறது. மந்திரிக்கு மூலையில் 7 கட்டங்கள், நடுவில் 13. யானையின் கணக்கு மட்டும் விசித்திரமானது: வெறும் பலகையில் எங்கே வைத்தாலும் அதற்கு 14 கட்டங்கள் உண்டு. ஆகவே அதற்கு நடுவிடம் தேவையில்லை. அடைப்பில்லாத வீதியே தேவை. தன் பக்கத்துச் சிப்பாயே எதிரில் நின்று மறிக்கும் வீதியில் நிற்கும் யானை பதினான்கில் ஒன்றிரண்டு கட்டங்களைக்கூடக் காணாது. தேர் என்னும் மலையாளப் பெயர் இங்கே எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. தேரோடும் வீதியைத் திறந்து வைத்த பின்பே தேர் பயன்படும்.

திருக்குறளில் அரசனுக்குரிய அதிகாரங்களில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் அடுத்தடுத்து வருவதை நேயர்கள் அறிவர். தேருக்குக் கடலில் ஓட்டமில்லை, நாவாய்க்குத் தரையில் ஓட்டமில்லை என்று வள்ளுவர் சொல்வது இடனறிதலில்தான். சதுரங்க ஆசிரியர்கள் மூலோபாயத்தைப் பகுத்து விளக்கும்போது காய்களின் வலிமை, நகர்த்தல்களால் அளக்கப்படும் காலம், பலகையில் கிடைக்கும் இடம் என்று மூன்று கூறுகளையே சொல்கின்றனர். இவ்வொற்றுமையைக் கண்டு நான் மகிழ்ந்தேன். ஆனால் இதைக் கொண்டு சதுரங்கத்தை வள்ளுவரே வகுத்தார் என்று எவரேனும் கட்டுரை எழுதத் தொடங்கினால் அதற்கு நான் பொறுப்பல்லன்.

தொடக்க நிலையில் உள்ளவர் வலியை மட்டும் அறிவார். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று ஒரு மதிப்பு வாய்பாட்டை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். பிறகு கடைக்காரரைப் போல வரவு செலவு பார்த்துக்கொண்டே ஆடுகிறோம். இந்த வாய்பாடு தவறன்று. ஆனால் வேலை செய்யும் காய்க்கும் வேலையற்ற காய்க்கும் இது ஒரே விலையைத்தான் சொல்லும். இதற்கு ஓர் ஆட்டத்தைச் சான்று காட்டுகிறேன்.

1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இசை நாடக அரங்கொன்றில், இருபத்தொரு வயது அமெரிக்கரான பால் மார்ஃபி, பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கூடிக் கலந்தாலோசித்து ஆட, அவர்களை எதிர்த்து ஆடினார். ஆட்டம் பதினேழே நகர்த்தல்களில் முடிந்தது. பதினாறாவது நகர்த்தலில் மார்ஃபி தம் ராணியையே பலி கொடுத்தார். பதினேழாவதில் எதிரியின் ராஜா வீழ்ந்தான். அப்போது மார்ஃபியிடம் சிப்பாய்களையும் ராஜாவையும் நீக்கினால் எஞ்சியவை ஒரு யானையும் ஒரு மந்திரியும் மட்டுமே. எதிரிகளிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை அத்தனையும் இருந்தன. வாய்பாட்டின்படி பார்த்தால் வென்றிருக்க வேண்டியவர்கள் அவர்களே. ஆனால் அவர்களுடைய அந்த யானையும் அந்த மந்திரியும் ஆட்டம் முழுவதும் ஒரு தடவைகூட நகரவில்லை. தொடக்கத்தில் அடுக்கி வைத்தபடியே இருந்தன. மார்ஃபியோ தம் காய்களை ஒவ்வொன்றாக வேலைக்கு அழைத்து வந்த பிறகே தாக்கினார். பலிகளைக் கண்டு வியப்பவர்கள் பலர். அப்பலிகள் பலித்ததற்குக் காரணம் அதற்கு முன் நடந்த ஆள்சேர்ப்பு. புதிதாகக் கற்பவர் இந்த ஆட்டத்தை ஒருமுறை பலகையில் வைத்து ஆடிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

காலம் என்பதும் இதிலேயே விளங்கும். கடிகாரத்தின் காலம் வேறு. ஒரே காயை மூன்று முறை நகர்த்தினால், மற்ற இரு காய்கள் வெளிவர வேண்டிய வாய்ப்பை நாம் எதிரிக்குத் தானம் செய்துவிட்டோம் என்று பொருள். ராணியை முதலிலேயே வெளியே கொண்டுவரும் ஆசை எனக்கு நெடுநாள் இருந்தது. தாதா அவளைத் தம் சிறு காய்களால் துரத்தித் துரத்தியே தம் படை முழுவதையும் வெளியே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். நான் ஓடிக் களைத்ததுதான் மிச்சம்.

இனிச் சிப்பாய்கள். பின்னால் திரும்பி வரும் உரிமை இல்லாத காய் பலகையில் இது ஒன்றே. கையெழுத்திட்டு அனுப்பிய கோப்பைப் போன்றது, போனது போனதுதான். 1749-ஆம் ஆண்டில் ஃபிலிடோர் என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதி வெளியிட்ட நூல்தான் சிப்பாய்களின் அமைப்பு ஆட்டத்தின் போக்கையே தீர்மானிக்கிறது என்பதை ஐரோப்பியர்களுக்கு முதன்முதலில் வற்புறுத்தியது. அவர் தொழிலால் இசைப் புலவர் என்பது ஒரு சுவையான செய்தி.

சிப்பாயை நகர்த்தும்போது அது சென்று சேரும் கட்டத்தையே நாம் பார்க்கிறோம். அது விட்டுச் சென்றதைப் பார்ப்பதில்லை. ஒரு சிப்பாய் முன்னேறினால், அதுவரை அது காத்து வந்த இரண்டு பக்கக் கட்டங்கள் காவலற்றுப் போகின்றன. பக்கத்து வீதிகளில் துணைச் சிப்பாய் இல்லாமல் தனித்து நிற்கும் சிப்பாயைக் கவனியுங்கள். அதைக் காக்க யானையையோ மந்திரியையோ காவலுக்கு நிறுத்த வேண்டியிருக்கும். ஒரு ரூபாய்ப் பொருளைக் காக்க ஐந்து ரூபாய்ச் சம்பளத்தில் காவல்காரன்! அதுமட்டுமன்று. அதற்கு நேர் முன்னால் உள்ள கட்டத்தில் எதிரியின் குதிரை வந்து அமர்ந்துவிட்டால், அதைத் துரத்தி விரட்ட நம்மிடம் சிப்பாய் கிடையாது. வாடகை கொடுக்காமல் குடியிருப்பவனைப் போல ஆட்டம் முடியும் வரை அது அங்கேயே இருக்கும். இத்தகைய கட்டம் ஒன்றை எதிரியின் பக்கத்தில் கண்டுபிடித்து, நம் குதிரையை மூன்று நான்கு நகர்த்தல்களில் அங்கே கொண்டு சேர்ப்பது என்று முடிவு செய்தால் அதுவே ஒரு திட்டம். திட்டம் என்றால் இருபது நகர்த்தல்களை முன்கூட்டியே காண்பது என்று நான் அஞ்சியிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு மனிதரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் என்பவர் நம் நாட்டு முறைச் சதுரங்கத்தில் பயின்றவர். அம்முறையில் சிப்பாய் தன் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டந்தான் செல்லும். அக்காரணத்தால் இரு படைகளும் ஒன்றையொன்று தொடுவதற்கே வெகுநேரம் ஆகும். அதுவரை ஆடுபவர் செய்யக்கூடியது தம் காய்களை ஒழுங்குபடுத்துவது ஒன்றே. 1928-இல் அகில இந்திய வாகையரானார். 1929-இல் சர் உமர் ஹயாத் கான் என்பவருடன் இங்கிலாந்து சென்றார். ஐரோப்பிய விதிகள் அவருக்குப் புதியவை. அங்குள்ளோர் நூல்களில் கற்று மனப்பாடம் செய்திருந்த தொடக்க முறைகளில் அவருக்குப் பயிற்சி மிகக் குறைவு. இருந்தும் அவ்வாண்டே பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தை வென்றார். 1932-இலும் 1933-இலும் மறுபடி வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வாகையரான காப்பாப்ளாங்காவையே தோற்கடித்தார். 1933-ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பியவர் அதன்பின் பெரும் போட்டிகளில் ஆடவில்லை. 1966-இல் சர்கோதாவில் காலமானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அவருக்கு அளித்தது 2024-ஆம் ஆண்டில்.

தொடக்கத்தில் பின்தங்கிய நிலையிலிருந்தே அவர் பல ஆட்டங்களை மெல்ல மெல்ல மீட்டார். அவசரமில்லாமல் காய்களை நல்லிடங்களில் சேர்க்கும் கலையை நாட்டு முறை ஆட்டமே அவருக்குப் பழக்கியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். இது என் ஊகம். ஆயினும் என் மகளுக்கு இதைச் சொன்னபோது அவளுக்கு அது பெரும் ஊக்கமாயிற்று. அவளுடைய தோழியர் பலர் தொடக்க நகர்த்தல்களைப் பாடம் போல ஒப்பிப்பவர்கள். அது தனக்கு வரவில்லையே என்ற ஏக்கம் அவளுக்கு இருந்தது. ஒரு மாதம் வரை "சுல்தான் கானுக்கும் வராது" என்பதே எங்கள் வீட்டில் எல்லாவற்றிற்கும் விடையாக இருந்தது. கணக்குப் பாடத்திற்கும்கூட!

அந்தக் காப்பாப்ளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வாகையராக விளங்கியவர். சதுரங்கத்தை இறுதிக் கட்டத்திலிருந்து தொடங்கிக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முப்பத்திரண்டு காய்களும் நெருக்கியடித்து நிற்கும்போது ஒரு காயின் மதிப்பு புலப்படாது. ராஜாவும் இரண்டு சிப்பாய்களும் மட்டும் எஞ்சியிருக்கும்போது ஒவ்வொரு கட்டமும் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரியும். அதுவரை மறைந்து வாழ்ந்த ராஜாவே அப்போது வெளியே வந்து நடுக்களத்தில் வேலை செய்தாக வேண்டும். தொடக்க நிலையில் உள்ளோர் பெரும்பாலும் இதை மறந்து, இறுதியிலும் அவனை மூலையிலேயே பதுக்கி வைத்துத் தோற்கின்றனர். நான் இரண்டு மாதம் அப்படித்தான் தோற்றேன்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலக வாகையர் போட்டியின் பதினான்காவது ஆட்டம். அதுவரை சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷும் சீனத்தின் டிங் லிரனும் ஆறரைப் புள்ளிகள் பெற்றுச் சமமாக நின்றனர். அன்றைய ஆட்டத்தில் இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் இரண்டு சிப்பாய்கள், டிங்கிடம் ஒன்று. சமநிலையில் முடியும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். குகேஷ் தம் ஒரு சிப்பாய் மிகுதியை விடாமல் பற்றிக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தார்.

ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தம் யானையைப் பரிமாற்றத்துக்கு நீட்டினார். அப்பொழுது அவருடைய மந்திரி பலகையின் மூலைக் கட்டத்தில் நின்றது. மூலையில் நிற்கும் மந்திரிக்குச் செல்வதற்கு ஒரே ஒரு மூலைவாட்டுப் பாதைதான் உண்டு. யானைகள் இரண்டும் வெட்டுண்டதும் குகேஷ் தம் மந்திரியைக் கொண்டுவந்து அந்தப் பாதையின் நடுவிலேயே நிறுத்தினார். டிங்கின் மந்திரி எங்கே நகர்ந்தாலும் அதே பாதையில்தான் நகர வேண்டும். மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மந்திரிகளும் போயின. எஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். ஒன்றுக்கு எதிராக இரண்டு. ஐம்பத்தெட்டாவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலக வாகையர் பட்டத்திற்குரிய ஆட்டத்திலும், மூலையில் நின்ற ஒரு மந்திரி எத்தனை கட்டங்களைக் காண்கிறது என்ற கணக்கு குறுக்கே வந்து நின்றது.

அந்த நிலையை என் மகள் பலகையில் அடுக்கி வைத்து ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாள். மந்திரி வேறொரு கட்டத்தில் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தாள். நான் அலுவலக வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதை முடிக்கவில்லை.

பயில விரும்புவோருக்கு என் சிறு அனுபவத்திலிருந்து இரண்டொரு செய்திகள் சொல்லலாம். கைப்பேசியில் ஐந்து நிமிட ஆட்டங்கள் இருபது ஆடுவதைக் காட்டிலும், ஒரு மணி நேர ஆட்டம் ஒன்று ஆடுவது மேல். விரைவு ஆட்டத்தில் தந்திரம் கூர்மையாகும், மறுக்கவில்லை. சும்மா இருப்பவர் யார் என்று கேட்க அதில் அவகாசம் இருப்பதில்லை. ஆட்டத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இக்காலத்துக் கணினி எந்த நகர்த்தல் சிறந்தது என்பதை நொடியில் சொல்லிவிடுகிறது. நம்மால் அதை மறுக்கவும் இயலாது. ஆனால் ஏன் என்று கேட்டால் ஓர் எண்ணைத்தான் காட்டும். நானும் முதலில் அந்த எண்களை நம்பி ஆடினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எண்களைப் படிக்கக் கற்றிருந்தேன். பலகையைப் படிக்கக் கற்கவில்லை. இப்பொழுது முதலில் நாங்களே தவற்றைத் தேடி, ஆளுக்கொரு விடையைத் தாளில் எழுதிய பின்பே கணினியைத் திறக்கிறோம். பெரும்பாலும் இருவர் விடையும் தவறாகவே இருக்கின்றன. அதனால் குற்றமில்லை.

தொடக்க முறைகளை மனப்பாடம் செய்வதைப் பற்றிக் கேட்பார்கள். நடுக்கட்டங்களில் ஒரு சிப்பாயை வைத்து, குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டுவந்து, ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தாயிற்றென்றால் முதல் ஆண்டுக்கு அது போதும் என்பது தாதாவின் கருத்து. எதிரி என்ன செய்ய விரும்புகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளச் சொல்வார் அவர். இது எனக்கு இன்னும் கைவரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவரும் யோசிக்கிறார் என்பதை நான் எப்படியோ மறந்து விடுகிறேன்.

இவ்வாண்டுப் போட்டியில் என் மகள் ஆறு ஆட்டங்களில் இரண்டில் வென்றாள், ஒன்றைச் சமன் செய்தாள். பரிசு ஒன்றுமில்லை. திரும்பி வரும் வழியில் மெட்ரோ ரயிலில் தான் தோற்ற ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். வழக்கமாகப் பள்ளிக் கதைகளை இந்தியில் சொல்பவள், அன்று குதிரை, வீதி, காவலற்ற கட்டம் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்ததை நான் பாதி வழி கடந்த பின்பே கவனித்தேன். கவனித்ததை அவளிடம் சொல்லவில்லை.

எங்களுக்குள் இப்பொழுது ஒரு நீண்ட ஆட்டம் நடந்து வருகிறது. நாளொன்றுக்கு ஒரு நகர்த்தல்தான். பலகை என் மேசை ஓரத்தில் இருக்கிறது. வீடு பெருக்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. முந்தாநாள் இரவு அவள் நெடுநேரம் யோசித்து, நன்றாக வெளியே வந்து நின்ற தன் மந்திரியை அது புறப்பட்ட கட்டத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். காரணம் கேட்டேன், நீங்களே கண்டுபிடியுங்கள் என்றாள். அது பயந்து பின்வாங்கியது போலத் தோன்றவில்லை. வேறொரு மூலைவாட்டின் மேல் அவளுக்குக் கண் இருக்கிறது என்றே ஐயுறுகிறேன். தாதாவைக் கேட்கலாம் என்றால், வெளியாரைக் கேட்கக்கூடாது என்று விதி செய்திருக்கிறாள். இன்றிரவு படுக்கப் போவதற்கு முன் நான் என் காயை நகர்த்தியாக வேண்டும்.